ஆற்ர பிள்ளை?

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஐஸ் தொழிற்சாலைக்குத் துசாந்தினி வந்திறங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. காற்றில் மணலும் கருவாட்டு மணமும் கலந்து வந்தன. கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் அவளுக்கு வேலை. இந்த வேலை முடிந்ததும் நறுவிலிக்குளத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையில்தான் தானே கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

கடற்பன்றிகளின் நடமாட்டத்தை அறிவதற்காகச் சில ஆராய்ச்சியாளர்கள் கடலடியில் ஒலிவாங்கிகளை இறக்கியிருந்தார்கள். அவை கேட்பதெல்லாம் இங்குள்ள மூன்று சேர்வர்களில் வந்து சேரும். எந்தப் பதிவும் மூன்றிலும் இருக்கும். ஒன்றில் அழிந்தால் மற்றவை அதை மறுபடி எழுதிக் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாக நிறுத்திப் புதிய இயங்குதளத்தை ஏற்றினால் போதும்.

காவலுக்கு இருந்த அப்துல் ஹமீட் எருக்கலம்பிட்டிக்காரர். சேர்வர் அறையைத் திறந்துவிட்டு, வாசலோடு நின்றுகொண்டார்.

"உள்ளுக்கை நிண்டு கதையாதேங்கோ மகள்."

ஏன் என்று கேட்டாள். நல்லதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு போய் மரநிழலில் போட்டு உட்கார்ந்தார்.

ஐஸ் வைத்திருந்த அறை. தடித்த சுவர்கள், ஜன்னல் இல்லை. ஏசியின் குளிரோடு ஈரச் சேற்று வாடை மூக்கில் ஏறியது, அப்போதுதான் கரைக்கு இழுத்த வலையைப்போல.

முதலாவது சேர்வர் சிக்கலின்றி முடிந்தது. கொழும்பிலிருந்த மேலாளர் விதுசன் அழைத்தபோது, ஹமீட் சொன்னதை மறந்து அங்கேயே நின்று பேசினாள். ஒன்று முடிந்தது, இனி இரண்டாவதை நிறுத்துகிறேன் என்றாள். அப்படியே நிறுத்தினாள். பிறகு, பதிவுகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, கடைசியாக வந்த பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்டாள்.

நீரின் இரைச்சல். தூரத்தில் ஒரு படகின் எஞ்சின்.

பிறகு அவளுடைய குரல்.

'ஒண்டு முடிஞ்சுது. இனி ரெண்டாவதை நிப்பாட்டுறன்.'

கரையிலிருந்து வெகுதூரத்தில், கடலுக்கடியில் கிடக்கும் ஒலிவாங்கி அது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல யாரோ மெல்லக் கேட்டார்கள்.

'நீ ஆற்ர பிள்ளை?'

அவளுடைய குரலே பதில் சொன்னது. 'சிவராசாவின்ர மூத்த பிள்ளை. நறுவிலிக்குளம்.'

'வீட்டில ஆர் இருக்கினம்?'

'அம்மா. தங்கச்சி அபிசா.'

'கூட்டிக்கொண்டு வா.'

இவற்றில் ஒரு சொல்லைக்கூட அவள் பேசியிருக்கவில்லை.

அந்தப் பதிவை அழித்தாள். திரும்பி வந்தது. மற்றச் சேர்வர் எழுதிக் கொடுக்கிறது, அதன் வேலையே அதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவதையும் நிறுத்தினாள். கடலிலிருந்து வரும் கம்பியையும் பிடுங்கினாள். இப்போது ஓடுவது ஒன்றே ஒன்று. எழுதிக் கொடுக்க வேறெதுவும் இல்லை.

மறுபடி அழித்தாள்.

திரும்பி வந்தது. முன்னதைவிட நீளமாக.

அப்படியானால் இன்னொரு பிரதி வேறெங்கோ இருக்கிறது.

மெயின் சுவிட்சை இழுத்தாள். மின்விசிறிகள் ஓய்ந்தன. விளக்கும் அணைந்தது. கதவிடுக்கில் மட்டும் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்த அமைதியில் சேற்று வாடை முகத்துக்கு நேரே வந்தது.

"அபிசா," என்று பின்னால் கூப்பிட்டது அவளுடைய குரல். "அபிசா, வா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே ஓடி வந்தவளைக் கண்டதும் ஹமீட் எழுந்து வந்தார். கதவை இழுத்துப் பூட்டினார். தண்ணீர் கொடுத்து, ஓட்டோ ஒன்றைப் பிடித்து ஏற்றிவிட்டார். இனி யார் வந்து கேட்டாலும் இதைத் திறக்க மாட்டேன் என்று சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் துசாந்தினியும் நினைத்தாள்.

நறுவிலிக்குளத்தில் அபிசா முற்றத்தில் நின்று சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். துசாந்தினி பையைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அம்மா குசினியிலிருந்து கேட்டது அவள் காதில் விழவில்லை. அபிசாவின் தலைமயிரில் வேப்பெண்ணெய் மணம். உடம்பில் சூடு. அதுவே போதுமாக இருந்தது.

போன் அடித்தது. ஹமீட்.

"மகள், வீட்டை போய்ச் சேந்திட்டீங்களோ?"

"ஓம் ஹமீட் நானா."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"அப்ப உள்ளுக்கை இருந்து கதவைத் தட்டுறது ஆர்? உங்கட குரல்தான். தங்கச்சியும் வந்திட்டா எண்டு சொல்லுது."

துசாந்தினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அபிசா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் அக்கா போனில?" என்றாள்.

போனுக்குள், ஹமீடின் மூச்சுக்கும் அப்பால், தடித்த கதவொன்றின் மறுபக்கத்திலிருந்து, அதே குரலில் அதே கேள்வி கேட்டது.

"ஆர் அக்கா போனில?"

அபிசாவின் உதடுகள் மூடியே இருந்தன.