முந்நூறும் வெள்ளை

ஜனவரி பதினொன்று. காலை 6.40.

எதுவீனா நாவெல்பி தன் சரிவுக்கு வந்து நின்றாள். முந்நூறு வெள்ளை ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் இருந்த இடத்தில் முந்நூறு குழிகள். புரேன் மலையில் அந்த ரகம் அவளிடம் மட்டுமே இருந்தது. தரையில் படர்ந்து வேர்விட்டுப் புதுச் செடியாகும் அதன் ஓடுகொடியை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. வேலியோரச் சிவப்புச் செடிகளைத் திருடன் தொடவில்லை.

8.15. காவலர் சான்வேசா, பழ ஆய்வுக்கூடத்து இர்மாவையும் எதுவீனாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். நாற்றுப்பண்ணையில் வாங்கிய சிவப்பு ரகம் பயிரிடும் வெனான்சியோ, கறுப்புப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பைகளில் வெள்ளைப் பழங்களோடு செடிகள்.

"ஏது இது?"

"விதை போட்டு வளத்தது சார். ரெண்டு வருஷம் முன்னாடி அக்காகிட்ட அரைக் கிலோ வாங்கினேன். பழத்த வித்தா விதையும் வித்த மாதிரிதானே?"

இர்மாவின் குரல் தணிந்தே வந்தது. "எல்லாமே வெள்ளையா அண்ணே?"

"முந்நூறும் வெள்ளை. வெள்ளைக்கு வெள்ளைதானே பொறக்கும் தங்கச்சி?"

"அக்கா வேலியோரம் சிவப்பு எதுக்கு வெச்சிருக்காங்க?"

"களை புடுங்க உடம்பு வணங்கல!"

"அடப்பாவி," என்றாள் எதுவீனா. "அதுதான்டா மாப்பிள்ளை!"

இர்மா தலையசைத்தாள். "அக்கா செடி அத்தனையும் பெண். பூவுல மகரந்தமே இல்ல. வேலிச் சிவப்புலேர்ந்து தேனீ கொண்டுவந்தாதான் காய்க்கும். விதை ஒவ்வொண்ணுக்கும் அப்பா சிவப்பு. விதை போட்டிருந்தா சிவப்பும் ரோஸும்தான் வந்திருக்கும். முந்நூறும் வெள்ளைன்னா இது பிள்ளைங்க இல்ல, அதே செடிங்க. நீங்க திருடினது."

தானே காய்க்கும் பண்ணைச் செடிகளோடே வாழ்ந்த வெனான்சியோவுக்கு மாப்பிள்ளை தேவைப்பட்டதேயில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

சான்வேசா ஒரு பழத்தை உள்ளங்கையில் ஏந்தினார். "சிவப்பு எங்கேம்மா போச்சு?"

"சிவக்கச் சொல்ற மரபணு ஒண்ணு இருக்கு சார். அதுக்கு நடுவுல எட்டே எட்டு எழுத்து புகுந்துருச்சு. கட்டளை பாதியில நின்னுபோச்சு. விதை போட்டா சிவப்பு அப்பன் முழுக் கட்டளையக் குடுத்துடுவான். ஓடுகொடிய நட்டாதான் வெள்ளை வெள்ளையாவே பிழைக்கும். எத்தனையோ நூறு வருஷமா யாரோ ஒருத்தர் நட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நடுவுல ஒரே ஒரு ஆள் சோம்பியிருந்தா, இது உலகத்துலயே இல்ல."

சான்வேசா தொப்பியைக் கழற்றினார். பிறகு விலங்கை எடுத்தார்.

"அது அப்புறம்," என்றாள் எதுவீனா. "வெயில் ஏறினா பைக்குள்ள வேர் வெந்துரும். முதல்ல பையெல்லாம் என் சரிவுக்கு இவனத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

9.05. நான்கு பேரும் சரிவில் மண்டியிட்டிருந்தார்கள். குழிக்கு ஒரு செடியாகத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார்கள்.