சந்தனம் பூசிய கண்

“ஆயுத பூசைக்கு வச்ச எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிஞ்சவரை மெஷின் அடிச்சிட்டுக்கா. பட்டனை அமுக்கினது எங்கண்ணன். இப்பம் கொலைகாரன்னு சொல்லுதாவ!”

ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பேச்சி, படப்பை வழக்கறிஞர் செங்கமலத்தின் முன் உட்கார்ந்து அழுதாள். இறந்தவன் அதே ஷிஃப்ட் தொழிலாளி தளவாய். கைதாகவிருந்தவன் அவள் அண்ணன் இசக்கிதுரை.

தகடு அழுத்தும் அந்தப் பிரஸ் இயந்திரம் பலி கேட்டதாக ஷிஃப்டே கிசுகிசுத்தது. செங்கமலத்தின் ஜூனியர் ஐஸ்வர்யா பேய்க்கதைக்கு மசியாதவள்தான். ஆனாலும் மறுநாள் அண்ணன் தங்கையோடும் இன்ஸ்பெக்டரோடும் வேலை நின்றுபோன அந்தக் கூடத்தில் கால் வைத்ததும் அவள் செங்கமலத்தை ஒட்டி நின்றுகொண்டாள். வாடிய மாலையோடு நின்ற இயந்திரம் அடுத்த ஆளுக்குக் காத்திருப்பது போலிருந்தது. அதன் வாயோரக் கண்ணாடிக் கண்ணையும் விட்டுவைக்காமல் பூசையன்றே சந்தனம் அப்பியிருந்தார்கள்.

“இந்தக் கண் இன்னாத்துக்கு?” என்றார் செங்கமலம்.

“உள்ளே கை போனா ஒளி மறையும், மெஷின் நின்னுடும்” என்றார் மேலாளர் பரசுராமன். இங்கிலாந்தில் பல வருடம் வேலை பார்த்தவர்.

“அதை நம்பித்தான அமுக்குனேன்” என்று விம்மினான் இசக்கிதுரை.

“சந்தனம் பூசினாலும் ஒளி மறையும். அப்போ மெஷின் அசைஞ்சே இருக்கக் கூடாதே?” என்றார் செங்கமலம்.

ஐஸ்வர்யா ஓரடி பின்வாங்கினாள். “அப்படின்னா, மேடம், அது தானாவே...”

“பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. யாரோ இந்தக் கண்ணை முன்னாடியே அவிச்சிருக்காங்க. கண்ணை அணைக்கிற சாவி மேலாளர் சார்கிட்டதான் கீது.”

“கண் நல்லாத்தான் வேலை செய்யுது!” என்றார் பரசுராமன்.

செங்கமலம் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். “அப்போ இதை உள்ள வைங்க சார். துரை, பட்டன்ல கை வைப்பா.”

பரசுராமனின் கை பாதியில் நின்றது. “வேணாம்! கண்ணை நான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்!”

உடன் வந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“உற்பத்தி லைன் அடிக்கடி நிக்குதேன்னுதான் பண்ணேன். கொல்லணும்னு நினைக்கலை மேடம். இங்கிலாந்துல நோக்கம் இல்லேன்னா கொலை கிடையாது.”

“ஆமா. அங்க கொல்லணும், இல்ல படுகாயம் பண்ணணும்னு நோக்கம் வேணும். இங்க, சாவு வரும்னு தெரிஞ்சு செஞ்சாலே குற்றம். அது கொலையா, கொலையாகாத மரணக் குற்றமான்னு கோர்ட் சொல்லும். ‘எனக்குத் தெரியாது’ன்னு மட்டும் இனிமே நீங்க சொல்ல முடியாது. உங்க கை சொல்லிடுச்சு.”

பட்டனை அமுக்கினாலும் இயந்திரம் அசையாதபடி செங்கமலம் காலையிலேயே மெயின் ஸ்விட்சை அணைக்க வைத்திருந்ததை ஐஸ்வர்யா அப்போதுதான் கவனித்தாள்.

இசக்கிதுரையின் விரல் மட்டும் பட்டனை விட்டு எழவே இல்லை. பேச்சி அருகில் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எடுத்திரு அண்ணே. நீ கொல்லலைய்யா.”