கீறலில் ஒட்டாத சிவப்பு

காலை ஒன்பதே கால். காஜா பெராங் கடைத்தெருவில் பல் டாக்டர் சந்திரமதி கிளினிக் கதவைத் திறந்த கையோடு, கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்று நடராஜன் கத்தத் தொடங்கிவிட்டார்.

“திருடி! தங்கம்னு சொல்லி எங்கம்மா வாயில பித்தளைய மாட்டியிருக்கா!”

எதிர்க் காப்பிக்கடையில் அத்தனை தலைகளும் திரும்பின. மெர்டேக்கா சுதந்திர நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்தது. சந்திரமதிக்கோ வாசலில் தொங்கும் தன் பெயர்ப்பலகை அன்று மாலைவரை இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்டது. பொம்பளையா பல் பிடுங்குவது என்று சிரித்தவர்களை எல்லாம் சட்டை செய்யாமல், சிங்கப்பூரில் படித்து வந்து மாட்டிய பலகை அது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உள்ள வந்து பேசுங்க,” என்றாள்.

நடராஜனோடு மூன்று பேர் வந்தார்கள்: இன்ஸ்பெக்டர் தெய்வநாயகம், நகை ஆசாரி சேதுபதி, முந்தானையால் வாயைப் பொத்திய நடராஜனின் தாயார் பூங்காவனம்.

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். நான்கு முன்பற்களும் அண்ணத் தகடும் ஒரே வார்ப்பாகச் செய்த பல்செட். இரண்டு வருஷத்துக்கு முன் சந்திரமதி கட்டிக்கொடுத்தது, அசல் தங்கத்தில். இப்போது தகடெங்கும் முலாம் கீறிப்போய்ப் பித்தளை பல்லிளித்தது.

சேதுபதி அதை உரைகல்லில் தேய்த்துக் காட்டினார். “மேல மட்டும்தான்லா தங்கம். ரெண்டு வருஷத்துல முலாம் தேஞ்சிருச்சு.” காட்டிய கையோடு துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி மேசைமேல் வைத்தார். அந்தக் கை அழுக்கோடு எதையும் கீழே வைக்காது.

“என்ன சொல்றீங்க, டாக்டர்?” இன்ஸ்பெக்டர் கேட்டார். “கேஸ் எழுதினா கிளினிக்கை மூட வேண்டியதுதான்.”

“எழுதுறதுக்கு முன்னால ரெண்டு கேள்வி. எப்படித் தெரிஞ்சுது?”

“நேத்து சாயங்காலம் வாயில வச்சதும் ஒரே இரும்பு ருசின்னு அம்மா கழட்டிட்டாங்க,” என்றார் நடராஜன். “இன்னைக்குக் காலையில ஆசாரிகிட்ட காட்டினேன்.”

“தினம் கழுவி வைக்கிறது யாரு?”

“என் வீட்டுக்காரி விஜயா. ரெண்டு நாளா கழுவல. அம்மா ஆடிக்கு மௌன விரதம். வாயைத் திறக்கல, ரூமை விட்டும் வரல.”

“இதுக்கு முன்னால இந்த விரதம் இருந்திருக்காங்களா?”

“இல்ல. அதுக்கென்ன?”

சந்திரமதி பல்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். பிறகு ஒரு குப்பியை எடுத்துச் சிவப்புச் சாயத்தை ஒவ்வொரு கீறலிலும் தடவித் தண்ணீரில் அலசினாள். சாயம் முழுக்கக் கழன்று ஓடியது. தகடு பழையபடி மின்னியது.

“இன்ஸ்பெக்டர், உங்க கடைவாய்ப் பல்லு பாசார் சந்தையில கட்டினதுதானே? முலாம் பூசினது?”

அவர் நெளிந்தார். “அது எதுக்கு இப்ப?”

“வாயைத் திறங்க.”

சட்டத்தின் வாய் திறந்தது. அவள் அதே சாயத்தைத் தடவிக் கொப்பளிக்கச் சொன்னாள். கைக்கண்ணாடியில் பார்த்தவர் முகம் சுருங்கியது. முலாம் வழவழப்பாக இருந்த இடம் சுத்தம். உரிந்த இடத்தில் மட்டும் சிவப்பு அட்டையாய் ஒட்டியிருந்தது.

“கிருமிக்கு வழவழப்பு ஆகாது. முலாம் கீறினா அந்தச் சொரசொரப்புல குடியேறிடும். அதுமேல காரை கட்டும். இந்தச் சாயம் கிருமிப் படலத்தைத்தான் பிடிக்கும். இத்தனை கீறலோட ரெண்டு வருஷம் வெத்தலை போடுற வாயில இருந்த தகடுல, ஒரு பள்ளத்துலகூட ஒண்ணுமில்ல!”

“நான்தான் இப்பத் துடைச்சேனே,” என்றார் சேதுபதி.

“துணி மேட்டைத் துடைக்கும். பள்ளத்துல இறுகின காரைய நான் ஊசிமுனையால சுரண்டித்தான் எடுக்கணும். ரெண்டு வருஷமா வாயில இருந்த தகடே இல்ல இது. இரும்பு ருசி நேத்துதான் வந்துச்சுன்னா, சாமானும் நேத்துதான் வந்திருக்கு.” பூங்காவனத்தின் பக்கம் திரும்பினாள். “அம்மா, அது விரதம் இல்ல. வாயைத் திறந்தா பொக்கை தெரிஞ்சிடும். அந்த ரெண்டு நாளும் பல்லு யாருகிட்ட இருந்துச்சு?”

பூங்காவனம் அழுதேவிட்டார். “கொக்கி லூசாயிருச்சும்மா. உன்கிட்ட வந்தா வெத்தலைக் கறையைப் பாத்துத் திட்டுவியேன்னு... சேதுபதிகிட்ட கொடுத்தேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினான்.”

“பழசாக் காட்டக் கீறல் போட்டீங்க, ஆசாரி,” என்றாள் சந்திரமதி. “ஆனா தொழில் பழக்கம் விடுமா? போலிச் சாமானைக்கூடப் பூந்திக்கொட்டையில தேச்சுக் கழுவித்தான் கொடுத்திருக்கீங்க.”

சேதுபதி கதவைப் பார்த்தார். கதவை மறைத்து இன்ஸ்பெக்டர் நின்றார். அவர் சோதித்ததும் ஆசாரியின் இடுப்பு மடியிலிருந்து அசல் தங்கத் தகட்டின் ஒரு துண்டு வெளியே வந்தது. மிச்சம் பட்டறையில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

நடராஜன் தொண்டையைக் கனைத்தார். “தங்கம் கிடைச்சிருச்சு. சத்தம் போடாம முடிச்சுக்கலாம், டாக்டரம்மா.”

“திருடின்னு சத்தம் போட்டுத்தானே வந்தீங்க? அதே அஞ்சடியில நின்னு இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் முடிப்போம்.”

அவர் வெளியே போய் எதையோ முணுமுணுத்தார்.

“காப்பிக்கடைக்குக் கேக்கல,” என்றாள் சந்திரமதி.

“டாக்டர் திருடியில்ல!” நடராஜன் கத்தினார். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!”

அத்தனை தலைகளும் மறுபடி திரும்பின. சந்திரமதி பெயர்ப்பலகையை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனாள். இன்ஸ்பெக்டரின் கடைவாய்ப் பல்லுக்கு அவளிடம் வேலை இருந்தது.