விட்டுவைத்த பத்திக் குறி

மூன்றாவது முறையும் அந்தக் கடைசி வரி மட்டும் கெட்டுப்போயிருந்தது. மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் அறிக்கைகளைப் பதினோரு வருடமாக அவள் தட்டச்சு செய்கிறாள். இப்படியொரு கோளாறைப் பார்த்ததில்லை. பெயர், வயது, அறுவைச் சிகிச்சை, மாத்திரைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. "நலமாக வீடு திரும்புகிறார்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். அதுவும் இன்று பார்த்து. மாடியில் ஒன்பதாம் கட்டிலில் கிடக்கும் சொந்தத் தங்கையின் ஃபைல் இது. நாலு மணிக்குள் அறிக்கை போகாவிட்டால் வாயாடி இன்னொரு நாள் அங்கேயே கிடக்க வேண்டும். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அடுத்தவர் ஆரம்பித்த பேச்சையும் அவளே முடித்துவைப்பாள்.

கணினி பழுது பார்ப்பவருக்கு ஃபோன் போட்டாள்.

"கடைசியில ஒரு பத்திக் குறி நிக்கும் பாருங்க மேடம், பத்தி இங்க முடியுதுன்னு காட்டுற குறி. கோளாறு அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கும். அதைத் தொடாம மிச்சத்தை மட்டும் எடுத்துப் புது ஃபைல்ல போடுங்க."

"அப்போ அந்தக் குறி?"

"அது பழைய ஃபைல்லயே கிடக்கட்டும். அதை வச்சு யாரு என்ன பண்ணப் போறா?"

அப்படியே வெட்டி எடுத்துப் புது ஃபைலில் ஒட்டினாள். கடைசி வரியைப் புதிதாக அடித்தாள். கெடவில்லை. அப்பாடா என்று மாடிக்கு அனுப்பிவைத்தாள். பழைய ஃபைல் திரையிலேயே திறந்து கிடந்தது, வெள்ளைப் பக்கத்தில் ஒற்றைக் குறியோடு.

சற்று நேரத்தில் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. மருந்து நெடி அடிக்கும் நீண்ட தாழ்வாரத்தில், தங்கையின் ரப்பர் செருப்பு தரையை உரசிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு கதவாகக் கடந்து நெருங்கி வந்தது. வாசலில் நின்றது. அடுத்த கால் தரையில் பதியும் ஓசைக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

"அக்கா, கெளம்பலாமா, எனக்கு ரொம்ப..."

"ரொம்ப என்னடி? பசிக்குதா?"

"எனக்கு ரொம்ப..."

அதே குரல். அதே இடத்தில் நின்றது. வாயாடி பாதியில் நிறுத்துகிறவள் இல்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

திரையில், பழைய ஃபைலில், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. விசைப்பலகையை அவள் தொடவில்லை.

"அக்கா, நான் இன்னும் ஒன்பதாம் கட்டில்லதான் இருக்கேன்."

அடுத்த வரி.

"கட்டில் காலின்னு சொல்லி நர்ஸ் படுக்கையைச் சுருட்டுறாங்க. நான் உள்ள இருக்கேன். மூச்சு முட்டுது. சீக்கிரம் வா."

எழ நினைத்தாள்.

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த கை. கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். தங்கையின் கைதான், அதே மச்சம், அதே தழும்பு. ஐந்து விரலும் இருந்தன.

ஒன்றுகூட நுனி வரைக்கும் வரவில்லை; எல்லாம் பாதியிலேயே நின்றிருந்தன.