சனி முதல் புதன் வரை

ஐந்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் புது ரொட்டியின் வாசனை அடித்தது.

தரானே வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் டெஹ்ரானிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பை, தோளெல்லாம் மழை. வியாழக்கிழமைதோறும் இந்தக் கதவைத் திறந்தால் முகத்தில் மோதுவது ஊறிப்போன மரமும் பூஞ்சணமும் கலந்த வாடைதான். கீலான் மாகாணத்து மழையில் பூட்டிவைத்த வீடு வேறெப்படி மணக்கும்? இன்று அந்த வாடையையும் மீறி, யாரோ இப்போதுதான் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டதுபோல, எள் தூவிய ரொட்டியின் வாசனை வந்தது.

"பெஹ்ஸாத், ரொட்டி வாசனை வருது."

"ஆறு மணி நேரம் கார்ல பட்டினியா வந்தா பிரியாணி வாசனைகூட வரும்," என்று சொல்லிக்கொண்டே அவள் கணவன் கணப்பைப் பற்றவைக்கப் போனான்.

வீட்டை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஹாம்பர்க்குக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து தரானேவும் ஓய்வு பெற்றாள். டெஹ்ரான் அடுக்குமாடியில் பேச்சே இல்லாமல் போய்விட்டது. வயல் ஓரத்தில், தகரக்கூரை போட்ட ஒரு வீடு இருந்தால் வாரக் கடைசி வியாழன் வெள்ளியிலாவது இருவரும் உட்கார்ந்து பேசுவோம் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். வாங்கினார்கள். பெஹ்ஸாத் இங்கேயும் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் காரில் சாமான் ஏற்றும்போது, ஊரார் மரியாதையாக மஷ்தி என்றழைக்கும் ரஜப் மோட்டார் சைக்கிளில் வந்தார். கீழே ஊரில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவர். வாய் மட்டும் எப்போதும் ஓயாது.

"நாளைக்கும் ரெண்டு ரொட்டிதானே, தரானே கானும்?"

"நாளைக்கா? நாங்க இப்பவே கிளம்புறோமே, மஷ்தி."

"அவரு கிளம்புவாரு. நீங்கதான் இருக்கீங்களே." அவர் சிரித்தார். "டெஹ்ரான்காரங்க மழையைப் பார்த்தாத்தான் பயப்படுவாங்கன்னு நெனச்சேன். நீங்க மனுஷ முகத்தைப் பார்த்தாலே பயப்படுறீங்க. சனி, திங்கள், புதன்னு மூணு மாசமாக் கொண்டாந்து தர்றேன், ஒரு நாளாவது வெளிய வந்து ஒரு வார்த்தை பேசுனதுண்டா?"

தரானேவுக்குச் சட்டென்று புரியவில்லை. "யார் வாங்கிக்கிறாங்க?"

"என்னைக் கேட்டா? உங்க குரல் எனக்குத் தெரியாதா? 'வச்சுட்டுப் போங்க, மஷ்தி'ன்னு சொல்லுவீங்க. கதவு கொஞ்சமாத் திறக்கும், கை வரும், ரொட்டி உள்ளே போயிரும். ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. தரையில உக்காந்துக்கிட்டேவா கதவைத் திறப்பீங்க? கை இவ்வளவு கீழேர்ந்து வருது." அவர் தன் கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

அவர் போன பிறகு பெஹ்ஸாத் வயிறு குலுங்கச் சிரித்தான். "யாரோ வீடில்லாதவ பூட்டை நெம்பி உள்ளே புகுந்திருப்பா. பூட்டை மாத்திரலாம். இல்லேன்னா நீ இரு, கையும் களவுமாப் பிடி. உனக்குத்தான் இந்த வீடுன்னா உயிராச்சே."

கேலிதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி, இருக்கேன்," என்றாள் தரானே. வேண்டாம், வா போகலாம் என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

"நிஜமாவா? அப்ப வியாழக்கிழமை வர்றேன். கதவைத் தாழ் போட்டுக்கோ."

காரின் சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்தபோது, முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தான் ஒரு வீட்டில் முழுக்கத் தனியாக இருப்பது அவளுக்கு உறைத்தது.

வீடு முழுவதையும் தேடினாள். கூடம், சமையலறை, படுக்கையறை, அதற்குப் பின்னால் பழைய மெத்தைகள் போட்டுவைத்த பின்னறை. எந்தப் பூட்டும் உடைந்திருக்கவில்லை, எந்த ஜன்னலும் திறந்திருக்கவில்லை. ஒரு ரொட்டித் துணுக்குக்கூடக் கிடைக்கவில்லை. பின்னறை ஜன்னல் விளிம்பில்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதால், எப்போதும்போல் அதை அங்கேயே சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையைக் கூடத்துக்கு, கணப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மூடுபனி இறங்கியது. வயலும் வேலியும் மறைந்து, கடைசியில் வாசற்படிக்கு அப்பால் எதுவுமே இல்லாமல் போனது. கூரைத் தகரத்தில் நீர் சொட்டும் ஓசையும், பகலிலேயே எங்கோ ஊளையிடும் நரிகளும், டீக்கான சமோவாரில் தண்ணீர் முனகுவதும் மட்டுமே மிச்சம். அவள் வெளியே நின்றே ரொட்டியை வாங்கிக்கொண்டாள். ரஜப் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடேயப்பா, இன்னிக்கு நிமிர்ந்து நிக்கிறீங்க!"

"மஷ்தி, கொஞ்சம் உள்ளே வந்து டீ குடிச்சுட்டுப் போங்களேன்."

"அடுப்புல மாவு காத்துட்டு நிக்குது, கானும். இன்னொரு நாள் பாப்போம்." மூடுபனி அவரைச் சத்தத்தோடு விழுங்கிவிட்டது.

அதன் பிறகு அன்று அவள் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அமைதி தாங்காமல், தன் குரலையாவது கேட்கலாமென்று வாய்விட்டுப் பேசத் தொடங்கினாள். "இப்ப டீ போடப்போறேன். சர்க்கரை எங்கே? இதோ இருக்கு." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே தெளிவான குரல். ஆனால் மதியத்துக்குள் அது கரகரத்தது. ஈரக்காற்று என்று நினைத்துக்கொண்டு இருமினாள்.

பின்னறையிலும் ஓர் இருமல்.

எதிரொலிதான். வெற்று அறை, மரச்சுவர். அவள் மறுபடி இருமிப் பார்த்தாள். எதிரொலி வரவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, அவள் மறந்தே போன நேரத்தில், மெல்ல, பழகிப் பார்ப்பதுபோல, அந்த இருமல் வந்தது. கடைசியில் அவள் இழுக்கும் சிறு மூச்சும் சேர்ந்தே வந்தது.

விளக்கை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மெத்தைகள், போன், ஜன்னல். வேறொன்றுமில்லை. பெஹ்ஸாத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன், தரானே. சீக்கிரம் சொல்லு."

"பெஹ்ஸாத்... இங்கே..." குரல் காற்றாகத்தான் வந்தது.

"தொண்டை கட்டிருச்சா? வெந்நீர்ல எலுமிச்சை பிழிஞ்சு குடி. அப்புறம் கூப்பிடுறேன்."

அவன் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை விழித்தபோது குரல் சுத்தமாக இல்லை. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது, அவ்வளவுதான். யாரோ ஒரு பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்ததுபோலத் தொண்டை காலியாக இருந்தது. ரஜப் வருவார், அவர் பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் போய்விடுவது, அங்கிருந்து டாக்சி பிடித்து டெஹ்ரான். கோட்டை மாட்டிக்கொண்டு, காலணியைப் போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில் பின்னறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஈரத்தில் வீங்கிப்போன கதவு. அதை அவள் நேற்று இறுக்கிச் சாத்தியிருந்தாள்.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. மேசையில் இடித்துக்கொண்டாள். அவள் கதவை எட்டுவதற்குள் ரஜப் தட்டிவிட்டார்.

"கானும், ரொட்டி!"

"வச்சுட்டுப் போங்க, மஷ்தி."

அவளுடைய குரல். அவளுக்குப் பின்னால். பின்னறைக்குள்ளிருந்து. தரைக்கு மிக அருகிலிருந்து.

"பார்த்தீங்களா, பழையபடி ஒளிஞ்சுக்கிட்டீங்க!" வெளியே ரஜப் சிரித்தார்.

தாழ் நகர மறுத்தது. விரல்கள் வழுக்கின. அவள் கதவை அறைந்தாள், இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அவசரப்படாதீங்க, ஜன்னல்லயே வச்சுட்டேன்!" மோட்டார் சைக்கிள் உறுமியது.

தாழ் விடுபட்டது. ஓடினாள். வெள்ளைச் சுவர்போல மூடுபனி. சத்தம் இடப்பக்கம், பிறகு கீழே, பிறகு எங்குமில்லை. சேற்றில் முழங்கால் புதைய விழுந்து, வாயைத் திறந்து கத்தினாள். எதுவும் கேட்கவில்லை. நரிகள்கூட ஓய்ந்திருந்தன.

அப்போதுதான் வீட்டுக்குள் போன் அடித்தது.

பெஹ்ஸாத். வேறு யார் அழைக்கப்போகிறார்கள்? மூன்று நாளில் அவனாக அழைப்பது இதுதான் முதல் தடவை. அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும், தன் மூச்சு வாங்குவதை வைத்தே அவன் புரிந்துகொள்வான், முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? இந்தப் பனிக்குள் வழியும் தெரியாது. அவள் எழுந்து வீட்டை நோக்கி ஓடினாள். படியேறினாள். கூடத்தைத் தாண்டினாள்.

மணி நின்றது. பின்னறையில் யாரோ போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள்.

"தரானே? இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா ஆயிருச்சு, பெஹ்ஸாத். எலுமிச்சை குடிச்சேன்."

கூடத்தின் நடுவில் அவள் உறைந்து நின்றாள்.

"நல்ல வேளை. குரல்கூடத் தெளிவா இருக்கு. ரொம்ப நாளாச்சு உன் குரலை இவ்வளவு தெளிவாக் கேட்டு." அவன் சற்றுத் தயங்கினான். "தனியா விட்டுட்டு வந்தது மனசுக்கே கஷ்டமா இருந்துச்சு. நான் கூப்பிட்டிருக்கணும். நாளைக்கே கிளம்பி வரட்டுமா?"

தரானே வாயைப் பிளந்தாள். வா. வா. வா.

"வேணாம், பெஹ்ஸாத் ஜான். எனக்கு இங்கே பழகிப்போச்சு. உன் வேலையைப் பாரு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. அடுத்த வாரமும் வர வேண்டாம்."

"சரி," என்றான் பெஹ்ஸாத். அவன் குரலில் இருந்த நிம்மதி சின்னதுதான். ஆனால் அவளுக்குக் கேட்டது. தொடர்பு அறுந்தது.

அமைதி. தகரத்தில் ஒரு சொட்டு. இன்னொன்று.

பின்னால் வாசற்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்னறைக் கதவு, அந்த வீங்கிய மரம், சத்தமே இல்லாமல் ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே இருட்டு. ரொட்டி வாசனை. கதவின் அடியில், தரையை ஒட்டி, நான்கு விரல்கள் விளிம்பைச் சுற்றி வளைந்தன. ஈரமான, வெளுத்த, நிதானமான விரல்கள். பிறகு மேலே, கதவுநிலையின் உச்சியில், அவள் எம்பினாலும் எட்டாத உயரத்தில், இன்னும் நான்கு விரல்கள்.

இரண்டுக்கும் நடுவிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பயந்து நிற்கும் பிள்ளையை அழைக்கும் அதே கனிவோடு, அவளுடைய குரல் அவளைக் கூப்பிட்டது.

"உள்ளே வா. உனக்கும் பழகிரும்."