வெள்ளைத் துணிக்குள் யார்?

உள்ளே நுழைந்ததுமே சுஃபியான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

"ஏலே, கையை எடு. இங்கன வெடியெல்லாம் கிடையாது" என்றாள் அவனுடைய அக்கா பர்ஹத்.

பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சிவகாசிப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் தெரிந்தால் அடுத்த நொடி சத்தம் வரவேண்டும். ஆனால் 2007 டிசம்பரில் ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் நடந்த அந்த ஒளிக் கண்காட்சியில் சத்தமே இல்லை. வேப்ப மரங்கள் நீலமாக ஒளிர்ந்தன. காய்ந்த புல்லின்மேல் பச்சை வெளிச்சம் தண்ணீரைப் போல ஊர்ந்தது. பார்க்க வந்தவர்கள்கூட ஏனோ கிசுகிசுத்தே பேசினார்கள்.

"ஒரு புஸ்வாணமாவது விடுவாகன்னு பார்த்தேன்" என்று முணுமுணுத்தார் அத்தா காதர் பாட்சா.

அம்மா சம்சாத் சிரித்தார். ஆனாலும் சுஃபியானின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திடலின் கடைசியில் அவை வரிசையாக நின்றன. ஆள் உயரத்துக்கும் மேலே, வெள்ளைத் துணி போர்த்திய உருவங்கள். முகம் இல்லை. கை இல்லை. உள்ளே எரிந்த விளக்குகள் மெல்ல மங்கி, முழு இருட்டாகி, மறுபடி மெல்லப் பிரகாசமாயின. எல்லா உருவங்களும் ஒன்றாக மூச்சு விடுவதுபோல இருந்தது.

இருட்டான நேரத்தில் ஒரு விசும்பல் கேட்டது.

வெளிச்சம் திரும்பியது. ஓரத்தில் நின்ற உருவத்தின் துணி மட்டும் அசைந்தது. காற்றோ துளியும் இல்லை. பிறகு, துணியின் உள்பக்கம் இரண்டு சின்ன உள்ளங்கைகள் வந்து பதிந்தன. பத்து விரல்களும் நிழலாகத் தெரிந்தன.

"அக்கா!" சுஃபியான் அத்தாவின் பின்னால் ஒளிந்தான்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "அடேயப்பா, எம்புட்டு தத்ரூபமா செஞ்சிருக்காக!" என்று கைதட்டிவிட்டு நகர்ந்தார்.

"உள்ள மோட்டார் வச்சிருப்பாக. அழுகை சத்தம் ரெக்கார்டா இருக்கும்" என்றார் அத்தா. "வாங்க, போவோம்."

பர்ஹத்துக்கும் ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. மறுபடி இருட்டு. மறுபடி விசும்பல்.

"யாரு?" தன்னையும் அறியாமல் கேட்டுவிட்டாள்.

விசும்பல் சட்டென்று நின்றது.

"அத்தா, ரெக்கார்டா இருந்தா நான் கேட்டதும் எதுக்கு நிக்குது?"

பர்ஹத் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். அந்த உருவத்தின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என் பேரு பர்ஹத். அஞ்சாப்பு படிக்கேன். உன் பேரு என்ன?"

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"முத்துப்பேச்சி."

"பேயின்னா சொல்லுது?" சுஃபியான் அலறினான்.

"பேச்சிலே! முத்துப்பேச்சி!" என்று அவனை அதட்டிவிட்டு, பர்ஹத் குரலைத் தணித்தாள். "உள்ள என்னம்மா செய்தே?"

"எங்கம்மாவைக் காணோம். வெளிய பேயா நிக்கி. இதுக்குள்ளதான் வெளிச்சம் இருக்கு."

அதற்குள், விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த சண்முகவேல் ஓடிவந்தார். "ஐயையோ, பிள்ளையா உள்ள இருக்கு?" என்று துணியைப் பிடித்து இழுத்தார். உள்ளே முத்துப்பேச்சி வீறிட்டாள். துணியைத் தாங்கி நின்ற கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல்பு ஊஞ்சலாடியது.

"இழுக்காதீக அண்ணே! சாய்ஞ்சா அவ தலையில விழுந்துரும்!"

அத்தா பாய்ந்து கம்பியைத் தாங்கிப் பிடித்தார். பர்ஹத் சுற்றிலும் பார்த்தாள். முகமில்லாத உருவங்கள் மறுபடி மங்கத் தொடங்கின.

"அண்ணே, மத்த விளக்கு எல்லாத்தையும் அணைச்சிருங்க. இது ஒண்ணு மட்டும் அணையாம எரியட்டும். இவளுக்குப் பயம் போயிரும். தேடுறவுகளுக்கும் இந்த இடம் தெரியும்."

சண்முகவேல் தலையைச் சொறிந்தார். பிறகு சுவிட்சுப் பலகையை நோக்கி ஓடினார்.

வெள்ளை உருவங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நீல மரங்கள் மறைந்தன. பச்சை வெளிச்சமும் போனது. அவ்வளவு பெரிய திடலில் ஒரே ஓர் உருவம் மட்டும் ஒளிர்ந்தது. சுற்றிலும் அணைக்கரை இருட்டு. தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல பர்ஹத்துக்குத் தோன்றியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துணியைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டினாள்.

நான்கு வயதுச் சிறுமி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வெளிய எட்டிப் பாரு. ஒண்ணுகூட இல்ல. நான்தான் இருக்கேன்."

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள். பிறகு ஈரமான ஒரு சின்னக் கை பர்ஹத்தின் விரல்களைப் பற்றியது.

மைக்கில் சண்முகவேலின் குரல் ஒலித்தது. "முத்துப்பேச்சியோட அம்மா எங்க இருந்தாலும் எரியிற விளக்குகிட்ட வாங்க!"

எங்கோ இருட்டுக்குள் ஓட்டமாக ஓடிவரும் காலடிச் சத்தம். "பேச்சீ!" என்று ஓர் அலறல். மூச்சிரைக்க வெளிச்சத்துக்குள் வந்து விழுந்தார் முத்துப்பேச்சியின் அம்மா, நாரணாபுரத்து வெள்ளைத்தாய்.

"கரைப்பக்கம் தேடிக்கிட்டு கிடந்தேன் தாயி... தண்ணிக்குள்ள போயிட்டாளோன்னு..." ஒரு கையால் மகளையும் மறு கையால் பர்ஹத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

விளக்குகள் எல்லாம் மறுபடி எரிந்தன. வெள்ளைத்தாய் கிளம்பினார். ஆனால் முத்துப்பேச்சி வரமாட்டேன் என்று நின்றாள். பர்ஹத்தை அடுத்த உருவத்திடம் இழுத்துப் போனாள். துணியைத் தூக்கிக் குனிந்தாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"

பதில் இல்லை. அடுத்த உருவத்துக்குப் போனாள்.

"நான் அந்தப் பக்கம் பார்க்கேன்!" என்று ஓடினான் சுஃபியான். "இங்கன யாரும் இல்ல!"

சண்முகவேல் கயிற்றை அவிழ்த்து வழிவிட்டார். வரிசையில் ஓர் உருவத்தைக்கூட விடாமல் குனிந்து பார்த்த பிறகுதான் இரண்டு குடும்பங்களும் பஸ் ஏறின.