சோப்ரமேசா

"எங்கம்மா மேல சாட்சி சொன்னவரை என் எதிர்ல நிறுத்துங்க."

பங்களாவில் விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி நிமிர்ந்து பார்த்தார். லாக்கப்பில் இருந்த அருளம்மாள் மகளிடம் அழுது சொன்னதே இதுதான்: என்ன வேணாலும் கேளு, மானேஜரை மட்டும் எதிர்க்காதே, அப்புறம் இந்த ஊரில் யாரும் வேலை தரமாட்டார்கள். பி.ஏ. முடித்த யூஜினியா முதலில் கேட்டதே அதைத்தான்.

1971 ஜூலை. மானகிரி பங்களா. பழைய தூண், கதவு வாங்க ஸ்பெயினிலிருந்து வந்த பிலார் துரைசானி, முந்தின நாள் மதியம் ஒன்றரைக்கு மரகத மோதிரத்தைப் படுக்கையறையில் கழற்றி வைத்துவிட்டு, தன் நாட்டு விருந்தாளிகள் மூவரோடு சாப்பிட உட்கார்ந்தாள். நாலு மணிக்குப் போனால் மோதிரம் இல்லை. வீட்டில் வேறு இருந்தது சமையல்காரி அருளம்மாளும் மானேஜர் உபகாரசாமியும்தான்.

உபகாரசாமி வந்தார். "ரெண்டு மணிக்குச் சாப்பாடு முடிஞ்சுச்சு. எல்லாரும் கை கழுவப் பின்கட்டுக்குப் போனாக. நாந்தான் தண்ணி ஊத்துனேன். அந்நேரம் ஒங்கம்மா படுக்கையறைக்குள்ள நுழைஞ்சத இந்தக் கண்ணால பாத்தேன். காலேசு படிச்சியே தாயி, பெத்தவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லப்படாதா?"

யூஜினியா அவரைக் கடந்து நடந்தாள். சாப்பாடு முடிந்ததும் என்ன செய்தீர்கள் என்று துரைசானியிடம் இங்கிலீஷில் கேட்டாள்.

"சோப்ரமேசா" என்றாள் துரைசானி. அதற்கு இங்கிலீஷில் வார்த்தை அகப்படாமல், முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்தே காட்டினாள். சாப்பிட்ட தட்டு முன்னால் கிடக்க, அதே நாற்காலியில் பேசிக்கொண்டிருப்பது. நடுவில் எழுந்தால் மரியாதை இல்லை. 'நேற்று சோப்ரமேசா நீண்டுவிட்டது' என்பார்களாம்.

யூஜினியா வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அதை வைத்தே கேட்டாள்: நேற்று சோப்ரமேசாவில் காபி ஊற்றியது யார்?

அருளம்மாள்தான். பரிமாறத் தொடங்கியதிலிருந்து, நாங்கள் எழுந்த நாலு மணி வரை, பக்கத்திலேயே நின்றாள், பாவம் என்றாள் துரைசானி. சும்மா விசாரிக்கத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று மானேஜர் சொன்னாராம். துரைசானியை யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

யூஜினியா உபகாரசாமி பக்கம் திரும்பினாள்.

"எச்சிக்கையோட எந்திரிச்சு ஓடுறது நாமதான். அவுக கரண்டியால சாப்பிட்டாக. மேசைய விட்டு ஒருத்தரும் எந்திரிக்கல. நீங்க யாரு கைக்குத் தண்ணி ஊத்துனீக?"

அவர் துண்டால் முகம் துடைத்தார்.

"நாலு பேரு மேசையில. எங்கம்மா அவுக கண்ணு முன்னால. மிச்சம் யாரு, மானேஜரய்யா?"

இன்ஸ்பெக்டர் சோதனை போடச் சொன்னார். கான்ஸ்டபிள் வாசலில் நின்ற அவருடைய சைக்கிளின் சீட்டு உறையைக் கிழித்தார். மோதிரம் விழுந்தது.

பொருள் கிடைத்துவிட்டது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, இத்தோடு விடு என்றார் தண்டாயுதபாணி. நாமெல்லாம் ஒரே மாதா கோயில் ஜனம் என்று கும்பிட்டார் உபகாரசாமி. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாள் துரைசானி.

"எங்கம்மாவைத் தெரு வழியாத்தான நடத்திக் கூட்டிட்டுப் போனீக? இவரையும் அப்படியே நடத்திக் கூட்டிட்டு வாங்க. நான் முன்னால ஸ்டேஷனுக்குப் போயி புகார் எழுதி வைக்கிறேன்."

பதிலுக்கு நிற்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.